எங்கட கொம்பனிக்கு இந்தமுறை நல்ல இலாபம்

“கடலுக்கு அங்கால இருக்கிற ஒரு கொம்பனி உழைச்சால் இந்த மனிசனுக்கு ஏன் வயிறு நிறையுது?”

சிவபாக்கியம் ஒருநாள் என்னிடம் இப்படிக் கேட்டார். படித்த பிள்ளை என்று நம்பித்தான் கேட்டார். நான் தலையைச் சொறிந்தேன். பதில் பின்னால்தான் வந்தது. அதற்கு முன் அந்த மனிசரை உங்களுக்குத் தெரியவேண்டும்.

மனிதர்களில் ‘எங்கட கொம்பனிக்காரர்’ என்றொரு வகை உண்டு. உங்களுக்கும் ஒருவரையாவது தெரிந்திருக்கும். அவருக்கு அந்தக் கொம்பனியில் பங்கு கிடையாது, வேலை கிடையாது, அதன் வாசலில் நிற்கும் காவலாளியின் முகம்கூடத் தெரியாது. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கொம்பனி தன் வரவையும் இலாபத்தையும் உலகத்துக்கு அறிவிக்கும்போது, அவர் குளித்து, திருநீறு பூசி, பெட்டியிலிருக்கும் வெள்ளைச் சேட்டை எடுத்துப் போட்டு, சொந்தப் பிள்ளையின் சோதனை முடிவைப் பார்க்கப் போகிறவரைப் போலப் பேப்பர் பார்க்கப் போவார். இலாபம் என்றால் நெஞ்சு நிமிரும். இலாபம் குறைந்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. கொம்பனி முதலாளிக்கு இறங்கும்.

எங்கள் ஊரான இலுப்பைக்கடவையில் இந்த வகைக்கு ஒரே பிரதிநிதி சிவராசா. சிவபாக்கியத்தின் கணவர். இரண்டு ஏக்கர் வயல், தறப்பாள் பாதியும் தகரம் பாதியுமாக ஒரு வீடு, கமக்காரர் அமைப்பின் செயலாளர் பதவி, ஒரு போன். அந்தப் போனால்தான் எல்லாம் வந்தது. போனும், டி.வி.யும், அவற்றுக்குள்ளே வைக்கிற சிப்பும் செய்து உலகமெல்லாம் விற்கிற பெரிய கொம்பனி ஒன்றின் மிக மலிந்த போன் அது. போரில் இடம்பெயர்ந்து முகாமில் இருந்தபோது கைமாறிக் கைமாறி அவரிடம் வந்து சேர்ந்தது. றப்பர் வளையம் போட்டுக் கட்டியிருப்பார். ஐந்தாம் இலக்கம் அமுங்காது. ஆகவே எண்ணில் ஐந்து உள்ளவர்களை அவர் அழைப்பதில்லை. அவர்கள்தான் அவரை அழைக்கவேண்டும். அதைக்கூட அவர் கொம்பனியின் குறை என்று ஒருநாளும் சொன்னதில்லை.

“ஐஞ்சு இல்லாட்டி என்ன? மிச்சம் ஒன்பது இலக்கமும் என்ன மாதிரி வேலை செய்யுது பாரும்!”

பேப்பர் மன்னார் பஸ்ஸில் காலை பத்தரைக்கு வரும். எங்கள் வாசிகசாலை என்பது நான்கு மரக்கப்பு, மேலே தகரம், கீழே உட்கார ஒரு வாங்கு. முன்பக்கத்தை யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். வர்த்தகப் பக்கத்தைச் சிவராசா தொடுமுன் எவரும் தொடுவதில்லை. தொட ஆசைப்பட்டவரும் இல்லை.

இந்த வகையைக் கண்டுபிடிக்க முகம் பார்க்கத் தேவையில்லை. ஒரு வசனம் போதும். “போன வருசம் இதே காலாண்டோட ஒப்பிட்டுப் பார்க்கேக்க” என்று தொடங்குவார்கள். கொம்பனிகள் தங்கள் இலாபத்தை அப்படித்தான் அளக்குமாம். சிவராசா எல்லாவற்றையும் அப்படி அளந்தார். மழையை அளந்தார். இரவில் கடிக்கிற நுளம்பை அளந்தார். ஒருநாள் கறியையும் அளந்தார்.

“இஞ்சாரும், கறியில உப்பு, போன வருசம் இதே காலாண்டோட ஒப்பிட்டுப் பார்க்கேக்க, கூடிப்போச்சு.”

“போன வருசம் இதே காலாண்டில முகாமில வரிசையில நிண்டு பருப்பு வாங்கித் திண்டனாங்கள்,” என்றார் சிவபாக்கியம். “அதில உப்பே இல்லை.”

“அப்ப வளர்ச்சிதானே!”

சிவபாக்கியம் அகப்பையைப் பார்த்தார். பிறகு கணவரின் தலையைப் பார்த்தார். பிறகு அகப்பையைப் பானைக்குள்ளேயே வைத்துவிட்டார். நல்ல மனுஷி.

இந்த வகைக்கு எதிரி இல்லாவிட்டால் சாப்பாடு செமிக்காது. சிவராசாவின் எதிரி யாகப்பர். கரைப்பக்கத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவருபவர். அவரிடம் இருந்தது வேறொரு கொம்பனியின் போன். படலைக்கு வெளியே மீன்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் உலகச் சந்தையைப் பிரித்துக்கொள்வார்கள். ஆடி மாதக் கடைசியில் இரண்டாம் காலாண்டு முடிவு வந்த மறுநாளும் அப்படித்தான்.

“சிவராசாண்ணை, எங்கட ஆக்கள் புதுப் போன் ஒண்டு விட்டிருக்கினம். உங்கட கொம்பனிக்கு இனி அடிதான்.”

“பேப்பர் பார்க்கேல்லையோ நீர்? இலாபம் நாற்பத்தெட்டு வீதம் கூடியிருக்கு. சரி, உங்கட ஆக்கள் போனை விடுவினம். அதுக்குள்ள இருக்கிற சிப் ஆற்ற? எங்கட கொம்பனியின்ர!”

“அதென்ன அண்ணை சிப்?”

சிவராசா காத்திருந்த கேள்வி. குரலைச் சரிசெய்துகொண்டார்.

“வடிவாக் கேளும். போன் எண்டுறது சோறு மாதிரி. சிப் எண்டுறது விதைநெல்லு மாதிரி. சோறு ஆரும் சமைச்சு விக்கலாம். ஆனா விதைநெல்லு ஆற்ற கையில கிடக்கோ, அவனட்டத்தான் கடைசியில எல்லாரும் வரவேணும். போட்டிக்காரனும் வரவேணும். அதுதான் எங்கட கொம்பனி!”

யாகப்பர் ஒரு மீனை எடுத்துத் தராசில் போட்டபடி சாதாரணமாகக் கேட்டார்: “அப்ப உங்களிட்ட விதைநெல்லு கிடக்கோ அண்ணை?”

சிவராசா மீன்பெட்டிக்குள் குனிந்தார்.

“சூடை என்ன விலை?” என்றார்.

வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற சிவபாக்கியத்துக்கு இதைக் கேட்டுச் சிரிப்பு வரவில்லை. ஊர் திரும்பிய முதல் காலபோக விதைப்புக்கு நிவாரணமாக விதைநெல் கிடைத்தது. விதைத்தார்கள், விளைந்தது, அறுத்தார்கள். அடுத்த முறைக்கென்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சாக்கைக் கட்டி மேலே ஏற்றி வைத்தார்கள். ஆனி மாதம் நிவாரண அரிசி நின்றது. கூலிவேலையும் இல்லை. ஒரு வீட்டில் சாக்கு இறங்கியது. பிறகு அடுத்த வீட்டில். சிவபாக்கியமும் தன் வீட்டுச் சாக்கை அவிழ்த்துக் குத்திப் புடைத்துச் சமைத்தார். விதைநெல்லைத் தின்பது கமக்காரருக்குச் சொல்லக்கூடிய காரியமா? எவரும் எவருக்கும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும். ஐப்பசி மழைக்கு வயலில் போட ஊரில் ஒரு மணி இல்லை. இதுதான் நிலைமை.

அந்த நேரத்தில்தான் ஒரு தொண்டு நிறுவனம் குடும்பத்துக்கு நான்கு புசல் விதைநெல் தரப்போகிறது, கணக்கெடுக்க ஆவணியில் அவர்களின் மிஸ் வருவா என்று செய்தி வந்தது. நான்கு புசல் என்றால் இரண்டு ஏக்கருக்குக் காணும். சிவபாக்கியம் அன்றைக்குப் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தினார்.

இங்கே எங்கள் ஊரின் கலை ஒன்றைச் சொல்லவேண்டும். திரும்பி வந்த நாளிலிருந்து எங்களுக்கு மழை தவறியிருக்கிறது, பஸ் தவறியிருக்கிறது, படிவம் தவறியதில்லை. கிழமைக்கு ஒன்று வரும். ஆடு உண்டா, மாடு உண்டா, சைக்கிள் உண்டா, வெளிநாட்டில் ஆள் உண்டா? எல்லாப் படிவத்துக்கும் பொருந்துகிற ஒரே விடையை ஊர் கண்டுபிடித்து வைத்திருந்தது: இல்லை. பொய் என்று சொல்லிவிடாதீர்கள். முக்கால்வாசி உண்மை. மிச்சக் கால்வாசிக்குத்தான் கலை தேவைப்பட்டது. முற்றத்தில் இரண்டு கோழி மேய்ந்த குற்றத்துக்காக ஒரு வீட்டுக்குக் கூரைத்தகரம் வெட்டுப்பட்டதைக் கண்ட ஊர் இது. ஆகவே மிஸ் ஒரு வீட்டுப் படலையைத் திறக்குமுன், அந்த வீட்டு ஆடு பின்வேலிப் பொட்டால் நுழைந்து, எழுதி முடிந்த வீட்டுக்குப் போய்விடும். ஆடுகளுக்கும் பழகிவிட்டது. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் தாமாகவே எழுந்து நிற்கும்.

மிஸ்ஸின் பெயர் எடித். மன்னார்த் தோட்டவெளிப் பிள்ளை. வேலையில் சேர்ந்து மூன்று மாதம். அந்த மூன்று மாதமும் ஊர் ஊராகப் போய் ‘இல்லை’ என்ற ஒரு சொல்லையே எழுதி எழுதிக் கை சலித்திருந்தது. அவர் காலையில் வீடு வீடாகப் போனார். செயலாளர் என்ற முறையில் சிவராசாவும் கூடப் போனார். கூட என்றால், ஒரு வீடு பின்னால். மிஸ் எழுதி வெளியேறிய வீட்டுக்குள் இவர் தன் கொப்பியோடு போவார். ஊருக்கும் ஒரு காலாண்டு அறிக்கை வேண்டும் என்று அவருக்கு நெடுநாள் ஆசை. மிஸ் முன்னால் போகப்போக, எந்த வீட்டு ஆடுகள் எந்த வீட்டுக்குப் போய் நின்றன என்று உங்களுக்குச் சொல்லவேண்டுமா? ஊரிலிருந்த ஆறு ஆடுகளையும் சிவராசா அன்று வீட்டுக்கு வீடு சந்தித்தார். ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதினார்.

பின்னேரம் வாசிகசாலையில் கூட்டம். எடித் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுக் கேட்டார்: “செயலாளர் ஐயா, ஊரின்ர நிலைமையைச் சுருக்கமாச் சொல்லுறீங்களோ?”

சிவராசா எழுந்தார். வெள்ளைச் சேட்டு. பெண்கள் பக்கம் இருந்த சிவபாக்கியம் அந்தச் சேட்டைக் கண்டதும் கணவரின் கண்ணில் படும்படி முன்னுக்கு நகர்ந்து இருந்தார்.

“மிஸ், எங்கட கிராமத்தின்ர இரண்டாம் காலாண்டு முடிவுகள்,” என்று தொடங்கினார். “போன வருசம் இதே காலாண்டோட ஒப்பிட்டுப் பார்க்கேக்க, முட்டைப் பிரிவு: போன வருசம் பூச்சியம். இந்த வருசம் ஆயிரத்து நூற்றிநாற்பது. ஆட்டுப் பிரிவு: போன வருசம் பூச்சியம். இந்த வருசம் இருபத்தேழு.”

ஊர் ஒருவரை ஒருவர் பார்த்தது. இருபத்தேழா?

சிவபாக்கியம் இருமினார். பலமாக இருமினார்.

“நெல்லுப் பிரிவு,” என்றார் சிவராசா. அறுவடை நடந்தது முதலாம் காலாண்டில். சந்தோசத்தில் அதையும் இரண்டாவதோடு சேர்த்துவிட்டார். “போன வருசம் பூச்சியம். இந்த வருசம் இருநூற்றி அறுபது மூட்டை. பெரிய பெரிய கொம்பனியளுக்கே வளர்ச்சி நாற்பத்தெட்டு வீதம்தான் மிஸ். பூச்சியத்தில இருந்து வளர்ந்தால் அதுக்கு வீதமே போடேலாது. கணக்கே தாங்காது!”

சிவபாக்கியத்துக்குப் பக்கத்தில் இருந்தவர் முதுகைத் தட்டித் தண்ணீர் கொடுத்தார். அவ்வளவு இருமல்.

எடித்தின் முகம் மலர்ந்தது. இப்படி ஒரு மனிதரை அவர் எந்த ஊரிலும் காணவில்லை. “இன்னொருக்காச் சொல்லுங்கோ ஐயா,” என்று கேட்டுக் கேட்டு எழுதினார். கொம்பனி அறிக்கையில் உழைத்ததும் இருக்கும், கையில் மிஞ்சியதும் இருக்கும். சிவராசா உழைத்ததைச் சொன்னார். மிஞ்சியதைச் சொல்லவில்லை. அதுதான் வித்தியாசம்.

புரட்டாதிக் கடைசியில் பட்டியல் வந்தது. கூட்டுறவுச் சங்கக்கடைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். விதைநெல் பெறும் கிராமங்கள் பதினொன்று. எங்கள் ஊர் அதில் இல்லை. கீழே ‘சேர்க்கப்படாதவை’ என்ற தலைப்பில் எங்கள் ஊர் மட்டும். காரணம்: ‘சிறந்த வளர்ச்சி அடைந்துள்ளது.’

சிவராசா அதை இரண்டு தரம் வாசித்தார். முதல் தரம் வாசித்தபோது நெஞ்சு நிமிர்ந்ததைச் சிவபாக்கியம் கண்டார்.

“பார்த்தீரோ,” என்றார், “எழுத்திலயே போட்டிருக்கினம்.”

எவரும் ஏசவில்லை. அதுதான் பொல்லாதது. கமக்காரர்கள் ஒவ்வொருவராகச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்கள். சுவருக்கு முன்னால் இரண்டு பேர் மட்டும் நின்றார்கள்.

“உங்கட கொம்பனி தன்ர விதைநெல்லை வித்து உழைக்குது,” என்றார் சிவபாக்கியம். “நீங்கள் எங்களுக்கு வாற விதைநெல்லைக் கதைச்சே அழிச்சுப் போட்டியள்.”

அதன் பிறகு இரண்டு நாள் சிவபாக்கியம் சமையலை மட்டும் பார்த்தார். சோறு வந்தது, பேச்சு வரவில்லை. மூன்றாம் நாள் காலை அவர் சீலையை மாற்றிக்கொண்டு வந்து நின்றார்.

“வெளிக்கிடுங்கோ. மன்னாருக்குப் போறம். அந்தப் பிள்ளைக்கு உள்ளதைச் சொல்லுறம்.”

“நான் திருத்திய அறிக்கை ஒண்டு எழுதிறன். கொம்பனியளும் அப்பிடி விடுறவை.”

“என்னத்தையாவது எழுதுங்கோ. வாயைத் திறக்கேக்க மட்டும் என்ர முகத்தைப் பாருங்கோ.”

பஸ்ஸில் ஒருவர் பேப்பர் வைத்திருந்தார். சிவராசாவுக்குக் கை நிற்குமா? வாங்கி வர்த்தகப் பக்கத்தைத் திறந்தார். மூன்றாம் காலாண்டு மதிப்பீடு வந்திருந்தது. வாசித்து முடித்ததும் முகம் கறுத்துவிட்டது.

“என்னவாம்?” என்றார் சிவபாக்கியம், கேட்கக்கூடாது என்று இருந்தும்.

“இலாபம் முந்தி எப்பவும் இல்லாத அளவு கூடியிருக்கு. ஆனா பங்கு விலை விழுந்துபோச்சு. ஆக்கள் இதைவிடக் கூட எதிர்பார்த்தவையாம். அநியாயம் பாரும்! கூட உழைச்சதுக்கு ஆரும் அடிப்பினமோ?”

சிவபாக்கியம் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “அடிப்பினம்,” என்றார். “சங்கக்கடைச் சுவரில பார்க்கேல்லையோ?”

சிவராசா பேப்பரை மடித்துக் கொடுத்துவிட்டார். மன்னார் வரும்வரை அவர் வேறெதையும் அளக்கவில்லை.

தொண்டு நிறுவனக் கந்தோரில் எடித் அவர்களைக் கண்டதும் கதிரை இழுத்துப் போட்டார். “ஐயா, உங்கட அறிக்கையை அப்பிடியே மேல அனுப்பினனான். கொழும்பில எல்லாருக்கும் சந்தோசம்.”

சிவராசா பையிலிருந்து தாளை எடுத்தார். அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு எழுதியிருந்தார். ‘இரண்டாம் காலாண்டு: திருத்திய முடிவுகள்.’ ஆட்டுப் பிரிவு ஆறு. இருபத்தேழு எப்படி ஆறானது என்று ஆடுகளின் பயணத்தை அவர் விளக்கியபோது எடித் வாயைப் பொத்திக்கொண்டார். முட்டைப் பிரிவில் ஆயிரத்து நூற்றிநாற்பதில் ஆயிரத்தை விற்று அரிசி வாங்கியது. நெல்லுப் பிரிவில் இருநூற்றி அறுபது மூட்டையும் பழைய கடைக்கடனுக்கும் சாப்பாட்டுக்கும் போனது.

“இதில விதைநெல்லு எண்டு ஒரு நிரலும் இல்லையே ஐயா. விதைக்க எவ்வளவு கிடக்கு?”

“அது வந்து மிஸ், சந்தை நிலவரம்…”

“எவ்வளவு ஐயா?”

சிவராசா மனைவியின் முகத்தைப் பார்த்தார். சிவபாக்கியம் பதில் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் இதை அவரே சொல்லட்டும் என்று, சுவரில் தொங்கிய மாதா படம் போட்ட கலண்டரைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

“இல்லை,” என்றார் சிவராசா.

எங்கள் ஊர் ஆயிரம் தரம், கண் இமைக்காமல் சொன்ன சொல். இவர் வாயிலிருந்து அது பல்லுப் பிடுங்கியதைப் போல வந்தது.

“இல்லை எண்டால்?”

“சமைச்சுச் சாப்பிட்டிட்டம் மிஸ். ஆனி மாசம். எல்லா வீட்டிலயும்.”

எடித்தின் பேனை நின்றது. “இதை ஏன் அண்டைக்கே சொல்லேல்லை?”

சிவராசா தாளை மடித்தார், விரித்தார். “நாலஞ்சு வருசமாக் குறையிறதைத்தான் பிள்ளை எண்ணினனாங்கள். ஆக்கள், மாடு, கூரை, எல்லாம் குறைஞ்சுகொண்டு போனது. எங்கயெண்டாலும் ஒண்டு கூடுதெண்டு வாசிக்க ஒரு ஆறுதல். அண்டைக்கு எங்கட ஊரிலயும் ஏதோ கூடினதெண்டு சொல்ல ஆசையாக் கிடந்தது. சொல்லிப்போட்டன்.”

சிவபாக்கியம் கலண்டரை விட்டுத் திரும்பினார். இருபத்தாறு வருடம் ஒன்றாக இருந்த மனிதர் இதை அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. மீதிக் கோபத்தை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

எடித் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மேசை லாச்சியைத் திறந்தார். உள்ளே என்ன இருந்திருக்கும்? இன்னொரு படிவம். மேன்முறையீட்டுப் படிவம். சிவராசா எல்லாக் கட்டங்களையும் நிரப்பினார். மனைவியின் முகத்தைப் பார்த்துப் பார்த்து நிரப்பினார்.

முதல் மழை விழுந்து ஒன்பதாம் நாள் லொறி வந்தது. பதினொரு கிராமத்துக்குப் போக மிஞ்சியதுதான் எங்களுக்கு. குடும்பத்துக்கு இரண்டு புசல். பாதி. சிவபாக்கியம் ஓர் ஏக்கரை விதைத்தார். மற்ற ஏக்கரில் வரம்பு கட்டி, தண்ணீரும் நின்று, புல் விளைந்தது. ஊரெல்லாம் அப்படித்தான். பச்சை பாதி, புல் பாதி.

மாசியில் அறுத்தோம். பங்குனியில் ஒருநாள் பத்தரைப் பஸ்ஸில் பேப்பர் வந்தது. முன்பக்கத்திலேயே போட்டிருந்தார்கள்: கடந்த வருடத்தோடு ஒப்பிடும்போது எங்கள் மாவட்டத்தில் நெல் விளைச்சல் பெருமளவு கூடியிருக்கிறதாம். யாரோ உரக்க வாசித்தார். வாசிகசாலை நிரம்பிவிட்டது.

“எங்கட மாவட்டம்!” என்றார் ஒருவர்.

“எங்களை வெல்ல ஏலுமோ!” என்றார் இன்னொருவர். பாதி வயலில் புல் அறுத்தவர் அவர். மீன்பெட்டியோடு வந்த யாகப்பர்கூட, வாழ்நாளில் ஒரு நாற்று நடாத மனிதர், “நாங்கள் ஆர் எண்டு நினைச்சினம்!” என்று நெஞ்சில் தட்டிக்கொண்டார். சங்கக்கடைக்கு வந்த சிவபாக்கியமும் கூட்டத்தின் ஓரத்தில் நின்று தலையை ஆட்டிச் சிரித்தார்.

வாங்கின் மூலையில் இருந்த சிவராசா மட்டும் பேப்பரை வாங்கி, மேலிருந்து கீழ்வரை தேடினார்.

“இதில நாங்கள் விதைக்காத பாதி எந்தப் பக்கத்தில போட்டிருக்கு?” என்று கேட்டார்.

“விசர்க்கதை கதையாதையுங்கோ அண்ணை,” என்றார்கள். சிவபாக்கியத்தின் சிரிப்பு மட்டும் பாதியில் நின்றது.

வாசகரே, இவ்வளவு நேரமும் சிவராசாவைப் பார்த்துத்தானே சிரித்தீர்கள்? நீங்கள் அந்த வகை இல்லை. சரி. ஆனால் நாடு இத்தனை வீதம் வளர்ந்துவிட்டது என்று செய்தியில் கேட்டு, காலியான அரிசி வாளிக்கு மேலேயே குந்தியிருந்து நிமிர்ந்தீர்களே, அது யார்? வெளிநாட்டில் மச்சான் வாங்கிய வீட்டுக்கு எத்தனை அறை என்று பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னீர்களே, அதில் உங்களுக்கு எந்த அறை?

கோபிக்காதீர்கள். ஒரு உதவி செய்யுங்கள். இந்தக் கதையை உங்களோடு வைத்திராமல் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுங்கள். வாசித்துவிட்டு அவர், “அச்சொட்டா இது எங்கட சின்னண்ணைதான்!” என்று விழுந்து விழுந்து சிரித்தால், ஒன்றும் சொல்லவேண்டாம். சின்னண்ணைக்கும் ஒரு பிரதி கொடுக்கச் சொல்லுங்கள்.

சின்னண்ணை உங்கள் பெயரைச் சொல்லிச் சிரிப்பார்.